வழு நீக்கும் யந்திரமும் நம்பிக்கை கேட்கும் முதலாளியும்

யந்திரம் பழுதுபட்டால் அதனைத் திருத்த ஒரு தொழிலாளி வேண்டும் என்பது நேற்றைய நிலை. கணனிக்கென எழுதப்படும் நிரல்களிலே நேரும் வழுக்களை இன்னொரு நிரலே தேடிக் கண்டுபிடித்து, திருத்தத்தையும் தானே எழுதி, 'ஏற்றுக்கொள்க' என்று நிரலாளன் முன் வைப்பது இன்றைய நிலை. இந்நிலை தோன்றியதையிட்டு எமக்கு மனவருத்தம் எதுவுமில்லை. ஆனால் இதனையொட்டி எழும் ஒரு குரலைக் கேட்டு மௌனமாயிருக்க எம்மால் இயலவில்லை. "யந்திரம் தயாராகிவிட்டது, நிரலாளர்தாம் அதனை நம்பத் தயாராயில்லை, அவர்களிடத்து நம்பிக்கையை வளர்ப்பது எவ்வாறு?" என்பதே அக்குரல். நிறுவன முகாமையாளரும், கருத்தரங்கு மேடைகளிலே முழங்குவோரும், ஆராய்ச்சியாளர் சிலருங்கூட இக்கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். கேள்வியே பிழை என்பது எமது கட்சி.

நம்பாமை ஒரு நோய், அந்நோய் நிரலாளனைப் பிடித்திருக்கிறது, தக்க மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பது இவர்களது எண்ணம். நிரலாளர் பெரிதும் நாடும் ஸ்ராக் ஓவர்புளோ நிறுவனம் 2025இல் நடத்திய கருத்துக் கணிப்பிலே, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தவிருப்பதாகவோ கூறியோர் 84 சதவீதத்தினர். அக்கருவிகள் தரும் விடை சரியானது என நம்புவோர் 33 சதவீதத்தினர். நம்பாதோர் 46 சதவீதத்தினர். பயன்படுத்துகிறார்கள், ஆனால் நம்புகிறார்களில்லை. இதைக் கண்டு முகாமையாளர் தலையிற் கைவைக்கின்றனர். நாமோ மகிழ்ந்தோம். தன் கருவியின் எல்லையை அறிந்து அதனைக் கையாளும் தொழிலாளியின் எச்சரிக்கையே இந்த இலக்கங்களில் இருக்கிறது. அரிவாள் பிடிப்பவன் அதன் கூர்மையை விரல் வைத்துப் பார்த்து நம்புவதில்லை.

எமது பாடம் தமிழ். இலக்கணம் கற்பிப்பது எமது தொழில். நிரலில் நேரும் பிழைக்கு 'வழு' என்று பெயரிட்டவர்கள் அறிந்து செய்தனரோ அறியாமற் செய்தனரோ, ஆழமான ஒரு சொல்லைத் தேர்ந்துவிட்டனர். வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தறிவது எமது இலக்கண மரபு. திணையும் பாலும் மயங்கினால் வழு. ஆயின் தான் வளர்த்த பசு மாலையில் வீடு திரும்பக் கண்டவன், உவகை மிகுந்து, அம்மை வந்தாள் என்றால் அது வழுவமைதி. விதி மீறப்பட்டது உண்மை. ஆனாலும் சொன்னவன் உள்ளத்தை அறிந்தவன் அச்சொல்லிற் கைவைக்கமாட்டான். விதியை மட்டும் அறிந்தவனோ 'வந்தாள்' என்பதை 'வந்தது' எனத் திருத்திவிட்டு, இன்று ஒரு வழு நீக்கினேன் என்று கணக்கெழுதிக்கொள்வான். நிரலிலும் சிக்கல் இதுவேதான். ஒரு வரி பிழையா அல்லவா என்பதை அவ்வரி சொல்லாது. அந்த நிரலை யார், யாருக்காக, எந்த நோக்கத்துடன் எழுதினார் என்பதை அறிந்தவனே சொல்ல வல்லவன். யந்திரத்துக்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பட்டியல்: இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை வரவேண்டும் என்ற சோதனைகளின் பட்டியல்.

அந்தப் பட்டியலை நிறைவேற்றுவதில் யந்திரம் காட்டும் சாமர்த்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2009இல் அமெரிக்காவிலே வெஸ்ற்லி வைமர், ஸ்ரெபனி பொறஸ்ற் முதலானோர் 'ஜென்புரொக்' என்னும் முறையை வெளியிட்டனர். உயிரினங்களின் பரிணாமத்தைப் போல, நிரலின் வரிகளை நீக்கியும் இடம் மாற்றியும் பல பிரதிகளை உண்டாக்கி, சோதனைகளில் தேறுவனவற்றை மட்டும் வாழவிடுவது அம்முறை. 2012இல் 105 வழுக்களில் 55ஐ, ஒவ்வொன்றுக்கும் 8 டொலர் செலவில், நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். எட்டு டொலர்! ஒரு நிரலாளனின் ஒரு மணித்தியாலக் கூலியைவிடக் குறைவு. இச்செய்தி எந்தெந்தச் செவிகளில் தேனாய்ப் பாய்ந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2015இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாட்டின் றினாட் குழுவினர், நீக்கப்பட்டனவாகக் கூறப்பட்ட அந்த 55 வழுக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தனர். கொடுத்த சோதனைகளுக்காவது சரியான விடை தந்த ஒட்டுக்கள் 18 வழுக்களுக்கே இருந்தன. உண்மையிற் சரியாகத் திருத்தப்பட்டவை இரண்டே இரண்டு. சோதனையிற் தேறிய ஒட்டுக்களில் மிகப் பெரும்பாலானவை செய்தது என்னவென்றால், தொல்லை தந்த செயற்பாட்டையே நிரலிலிருந்து அகற்றிவிட்டன. தலைவலிக்குத் தலையைக் கொய்யும் வைத்தியம். இதனை எடுத்துக்காட்டுவதற்காகவே அக்குழுவினர், அழிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கருவியைச் செய்து அதற்குக் 'காளி' என்று பெயரிட்டனர். அழிக்கத் தெரிந்த காளி, ஆக்கத் தெரிந்ததாகச் சொல்லப்பட்ட ஜென்புரொக்குக்குச் சற்றும் குறையாமல் நின்றது.

வைமரே தம் யந்திரத்தின் குறும்புகளை ஒளிக்காமற் கூறியிருக்கிறார். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். இலக்கங்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றில் வழு இருந்தது. வெளிவரும் பட்டியலிலே வரிசை குலைந்திருக்கிறதா என்பதே சோதனை. யந்திரம் எழுதிய திருத்தம் எப்போதும் வெறும் பட்டியலையே வெளியிட்டது. வெறும் பட்டியலிலே வரிசை எப்படிக் குலையும்? இன்னொரு முறை, நிரல் தரும் விடையைச் சரியான விடை எழுதிய கோப்பு ஒன்றுடன் ஒப்பிட்டார்கள். யந்திரம் அந்தச் சரிவிடைக் கோப்பையே அழித்துவிட்டது. பிறகு ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டு முழுப் புள்ளி பெற்றது.

இதைப் படித்தபோது முதலிற் சிரித்தோம், பின்னர் வெட்கப்பட்டோம். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் மனனஞ் செய்து உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெறுகின்ற, ஆனால் ஒரு செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்ல இயலாத மாணவரை ஆண்டுதோறும் உருவாக்கி அனுப்புகிறவர்கள் நாமல்லவா? புள்ளியைக் குறிக்கோளாக்கினால் புள்ளிதான் கிடைக்கும். இதில் மாணவனையும் குறைகூறுவதற்கில்லை, யந்திரத்தையும் குறைகூறுவதற்கில்லை.

அது பழங்கதை, இன்றைய யந்திரம் வேறு என்று சிலர் குறுக்கிடுவர். வேறுதான், மறுப்பதற்கில்லை. 2023இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார், 12 மென்பொருட் திட்டங்களிலிருந்து 2,294 உண்மைச் சிக்கல்களைத் திரட்டி யந்திரங்களுக்குப் பரீட்சை வைத்தபோது, தேறிய விகிதம் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த 500 சிக்கல்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் தீர்க்கும் யந்திரங்கள் 2025இல் வந்துவிட்டன. இவ்வளர்ச்சி மனித உழைப்பின் மாபெரும் சாதனை. இதை இகழ்பவன் முற்போக்காளனாக இருக்க முடியாது. ஆயினும் அதே 2025இல், மெற்றர் என்னும் ஆய்வு நிறுவனம், முன்னணி யந்திரங்கள் சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புள்ளியிடும் நிரலையே மாற்றி எழுதித் தேறிவிட முயன்றதைக் கண்டு வெளியிட்டது. சரிவிடைக் கோப்பை அழித்த பழைய புத்தி, கல்வி கற்று உத்தியோகத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

நம்பிக்கையை வளர்க்கும் வழிகளில் ஒன்று, சுவிடன் நாட்டுப் பேராசிரியர் மாட்டின் மொன்பெருஸ் குழுவினருடைய முயற்சியில் வெளிப்பட்டது. அவர்கள் செய்த 'றிப்பெயர்னேற்றர்' என்னும் யந்திரம், பொதுவில் வைக்கப்பட்ட நிரல்களிலே வழுக் கண்டு ஒட்டு எழுதி அனுப்பியது. அனுப்பியது யந்திரத்தின் பெயரிலன்று. 'லுக் எசாப்' என்ற மனிதப் பெயரில், ஒரு முகத்துடனும் முகவரியுடனும். யந்திரம் என்று தெரிந்தால் நிரலாளர் முன்கூட்டியே வெறுப்பர் என்பது அவர்கள் சொன்ன காரணம். இவ்விதம் ஐந்து ஒட்டுக்கள் மனிதரால் ஏற்கப்பட்டன. 2018இல் உண்மையை அவர்களே வெளியிட்டார்கள். இதில் எம்மைச் சிந்திக்கவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒட்டைப் பெற்ற ஒரு திட்டத்தார், ஏற்பதற்கு முன்னர் உரிம உடன்படிக்கையிற் கையெழுத்திடுமாறு லுக் எசாப்பைக் கேட்டனர். யார் கையெழுத்திடுவது? யந்திரத்துக்குக் கை இல்லை. இல்லாத மனிதனுக்கும் கை இல்லை. நல்ல ஒட்டுத்தான், ஆனால் நாளை அதனால் ஒரு கேடு விளைந்தால் 'நான் செய்தேன்' என்று முன்வர ஓர் ஆள் இல்லை. நிரலாளர் முன்கூட்டிய வெறுப்புக் கொண்டவர் என்று குற்றஞ்சாட்டியவர்கள், அவர்கள் சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வியிலே இடறி விழுந்தனர்.

விளையும் கேடு என்பது வெறும் வாதத்துக்காகச் சொல்லப்படும் சொல்லன்று. திருத்திவிட்டோம் என்ற சொல்லை நம்பியதன் விலை என்ன என்பதற்கு 'தெராக்-25' வரலாறு சான்று. புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் அந்த யந்திரத்தைச் செய்தது கனடாவின் அணுசக்திக் கூட்டுத்தாபனம். (அது அரச கூட்டுத்தாபனம் என்பதை எம் தரப்பு வாசகரிடம் நாம் மறைக்க விரும்பவில்லை. உடைமை அரசினுடையதாவதால் மட்டும் பொறுப்பு வந்துவிடுவதில்லை.) முந்திய யந்திரத்திலே அளவுக்கு மிஞ்சிய கதிரைத் தடுக்கும் பௌதிகத் தடைகள் இருந்தன, தெராக்-25இல் அவற்றை விலக்கி, மென்பொருளையே காவலாக வைத்தார்கள். 1985 யூலையில் ஒன்ராறியோ மாகாணத்து ஹமில்ற்றனில் ஒரு பெண் மிகைக் கதிருக்கு ஆளானாள். பொறியியலாளர் வந்தனர். பிழையை மீண்டும் நிகழ்த்திக்காட்ட அவர்களால் இயலவில்லை; ஒரு சிறு ஆளியின்மீது சந்தேகப்பட்டு, அதனைத் திருத்தி, யந்திரத்தின் பாதுகாப்பு இலட்சம் மடங்கு உயர்ந்துவிட்டது என்று அறிவித்தனர். இலட்சம் மடங்கு! காரணமே தெரியாத பிழைக்கு இந்தத் துல்லியம்.

1986 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகரில் வேறொரு நோயாளி. மீண்டும் பொறியியலாளர் வந்தனர், ஒன்றுமில்லை என்றனர், யந்திரம் வேலைக்குத் திரும்பியது. சில நாட்களுள் அதே வைத்தியசாலையில், அதே இயக்குநர் கையில், இன்னொருவர் கருகினார். அப்பெண் தொழிலிலே கைதேர்ந்தவள். கதிரின் வகையைத் தவறாகத் தட்டிவிட்டதை உணர்ந்து, மேலே செல்லும் அம்புச் சாவியை அழுத்தி, விரைவாகத் திருத்திக்கொண்டு கீழே வந்துவிடுவாள். வைத்தியசாலையின் பௌதிகவியலாளர் அவளை உடன் இருத்தி, அன்று என்ன செய்தாய், எந்த விரைவிற் செய்தாய் என்று மீண்டும் மீண்டும் தட்டிப் பார்க்கச் செய்தார். வழு அகப்பட்டது. எட்டு விநாடிக்குள் திருத்தம் செய்து முடித்தால் மட்டுமே அது தோன்றும். மெதுவாகத் தட்டிப் பார்த்த பொறியியலாளருக்கு அது எக்காலத்திலும் தோன்றியிராது. தொழிலின் விரைவு அந்தப் பெண்ணின் விரல்களில் இருந்தது. வழுவும் அங்கேதான் இருந்தது. இதற்குக் கூட்டுத்தாபனம் உடனடியாக விதித்த பரிகாரத்தையும் சொல்லவேண்டும்: அம்புச் சாவியின் மூடியைக் கழற்றி, அது மீண்டும் இயங்காதபடி ஒட்டுநாடா சுற்றிவிடுக என்பதே அது. தொல்லை தந்த செயற்பாட்டை அகற்றிவிடுவது. காளி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே காளியின் வைத்தியம் நடைமுறையில் இருந்திருக்கிறது. 1987 சனவரியில், வேறொரு வழுவினால், வாஷிங்ரன் மாநிலத்தில் மீண்டும் விபத்து. விபத்துக்கள் மொத்தம் ஆறு. கதிர் மிகையால் இறந்தோர் குறைந்தது மூவர்.

பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் 'ஹொறைசன்' கணக்கு முறையையும் இங்கு நினைவுகூராதிருக்க முடியாது. 1999இல் தொடங்கிய அந்த மென்பொருளின் வழுக்களால், கையிலே இல்லாத பற்றாக்குறை கணக்கிலே தோன்றியது. 2015 வரையில் 900க்கு மேற்பட்ட துணை அஞ்சலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கணனி சரியாகவே இயங்கியது என்று கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் அனுமானம். மென்பொருளைப் பராமரித்த நிறுவனத்தின் ஊழியர், அஞ்சலதிபருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து கிளைக் கணக்கை மாற்ற இயலும் என்பது ஆண்டுக்கணக்காக மறுக்கப்பட்டு, 2019இல் நீதிமன்றத் தீர்ப்பிலேதான் உறுதிப்பட்டது. 2024இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று. நம்பிக்கை போதாதென்று புலம்புகிறவர்கள், நம்பிக்கை மிகுந்திருந்த இந்த நாட்டின் கதையை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

இனி எம் தரப்பாருக்கும் ஒரு வார்த்தை. யந்திரம் வேலையைப் பறிக்கும், ஆகவே அதனை எதிர்ப்போம் என்று எளிதாக முடித்துவிடும் நண்பர்கள் எம்மிடையே உளர். 1811இல் நொற்றிங்காமில் தறிகளை உடைத்த லுடைற்றுக்களை அவர்கள் துணைக்கழைப்பர். அந்த வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தல் நன்று. அகன்ற தறியிலே துணியாக நெய்து, பின்னர் வெட்டி மூட்டிக் காலுறை என்று விற்கப்பட்ட மட்டச் சரக்கே அத்தொழிலாளரின் பெரும் மனக்குறைகளுள் ஒன்று. அந்தக் காலுறை சில நாளில் மூட்டு விட்டுப் பிரிந்தது. கெட்டது நல்ல காலுறை பின்னியவனின் பெயரும் கூலியும். ஆகவே தெரிந்தெடுத்தே உடைத்தார்கள். நல்ல சரக்குச் செய்த, நியாயமான கூலி கொடுத்த தறிகளைப் பல இடங்களில் விட்டுவைத்தார்கள். அதற்கு அரசு தந்த பதில், 1812இல் தறி உடைப்பவனுக்கு மரணதண்டனை என்ற சட்டம். அவர்களை அறிவிலிகள் என்று இழித்தவர்களின் வாரிசுகளே இன்று நிரலாளனைப் பழமைவாதி என்கின்றனர். மூட்டு விடாத ஒட்டுத்தான் வேண்டும் என்று கேட்பது பழமைவாதமா?

உண்மையில் நிரலாளர் யந்திரத்தை வேண்டாம் என்கிறார்களில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் நூற்றுக்கு மேற்பட்ட மென்பொருட் தொழிலாளரைக் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வை இங்கு குறிப்பிடலாம். ஐந்து முதல் பத்து ஒட்டுக்கள் வரை பார்த்துத் தேர்வதற்கு அவர்கள் ஆயத்தம். அவை ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தாற் போதும். தேவையானால் மேலதிகச் சோதனைகளையும் தாமே எழுதித் தர ஆயத்தம். இதைவிடப் பணிவான நிபந்தனைகளை எந்தத் தொழிற்சங்கம் முன்வைத்திருக்கிறது? 'கேர்ல்' என்ற புகழ்பெற்ற நிரலைப் பேணிவரும் டானியல் ஸ்ரென்பேர்க்கையும் பாருங்கள். யந்திரம் எழுதிய போலி வழு அறிக்கைகள் குவிந்து தம் குழுவின் நேரத்தைத் தின்றபோது அவற்றைக் குப்பை என்று வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர். அவரே 2025இல், யந்திரத்தின் துணையுடன் ஒருவர் ஆதாரங்களோடு அனுப்பிய வழுக்களை நல்லவை எனப் பாராட்டித் திருத்திக்கொண்டார். அவருக்கு யாரும் நம்பிக்கை ஊட்டவில்லை. ஆதாரம் வந்தது, ஏற்றார்.

ஆதாரம் பார்க்க நேரம் வேண்டும். இங்கேதான் பிணக்கின் வேர் இருக்கிறது. யந்திரத்தைக் கொண்டுவருபவனுடைய இலாபம், திருத்தும் நேரம் குறைவதிலே தங்கியிருக்கிறது. நிரலாளன் ஒட்டைப் படித்து, அது ஏன் சரி என்று தனக்குத் தானே நிறுவிக்கொள்ளும் நேரம் அந்த இலாபத்திலிருந்து கழிகிறது. மெற்றர் 2025இல் அனுபவமிக்க 16 நிரலாளருக்கு 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. யந்திரத்தின் துணையோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதலான நேரம் பிடித்தது. ஆனால் செய்து முடித்த பின்னரும், தாம் 20 சதவீதம் விரைவாகச் செய்ததாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். தொழிலாளியின் மனத்தில் நம்பிக்கை ஏற்கெனவே தேவைக்கு மிஞ்சி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே 'நம்பிக்கையை வளர்த்தல்' என்ற மென்மையான தொடரைப் பிரித்துப் பொருள்கொண்டால் கிடைப்பது, 'பாராமல் ஒப்பமிடப் பழக்குதல்' என்பதே.

நாம் கேட்பவை வேறு. ஒவ்வோர் ஒட்டின் மேலும் அது யந்திரம் எழுதியது என்ற உண்மை எழுதப்படவேண்டும். எந்தச் சோதனையிற் தேறியது என்பதோடு, எது சோதிக்கப்படவில்லை என்பதும் எழுதப்படவேண்டும். ஒட்டை மறுக்கும் நிரலாளன் அதற்காகத் தண்டிக்கப்படலாகாது. மறுப்பதற்கு எடுத்த நேரம் வேலை நேரமாகவே கணிக்கப்படவேண்டும். ஒட்டினால் தீங்கு நேர்ந்தால், கடைசியாகக் கையெழுத்திட்டவன் தலையில் அதனைக் கட்டிவிட்டு, யந்திரத்தை வாங்கியவன் தப்பிக்கொள்ளும் ஏற்பாடு ஒழியவேண்டும். இவற்றில் எதுவும் தொழினுட்பத்தாற் செய்ய முடியாதது அல்ல. செலவு பிடிக்கும் என்பது மட்டுமே தடை.

இது யாரோ ஐரோப்பியர் பிரச்சினை என்று எண்ணவேண்டாம். இலங்கையின் மென்பொருள் நிறுவனம் ஒன்றை இலண்டன் பங்குச் சந்தை 2009இலேயே விலைக்கு வாங்கியது. கடல் கடந்த கம்பனிகளின் நிரல்களைப் பேணும் வேலை கொழும்பிலே ஆயிரக்கணக்கான இளைஞருக்குச் சோறு போடுகிறது. எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அத்தகையதோர் இடத்தில் வேலை செய்கிறார். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் எம்மைக் காண வந்திருந்தார். வேலை எப்படி என்று கேட்டோம்.

"சேர், நான் இப்ப வழு திருத்திறேல்லை. திருத்தினது சரியெண்டு கையெழுத்து வைக்கிறன்."

நாளொன்றுக்கு இத்தனை ஒட்டுக்கள் என்று அவருக்கு எண்ணிக்கை விதித்திருக்கிறார்கள். ஏற்றவற்றின் தொகை மேலாளரின் திரையிலே பச்சை நிறத்தில் உயரும்; மறுத்தால் அரைப் பக்கம் காரணம் எழுதவேண்டும், ஏற்றால் ஒரு சொல்லும் எழுதவேண்டியதில்லை. மார்கழியில் ஒரு நாள், வைத்தியசாலை ஒன்றின் மருந்துப் பதிவு தொடர்பான ஒட்டு வந்ததாம். சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. ஆனால் ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை மருந்து பதியப்படும்போது எச்சரிக்கும் வரிகளை அது நீக்கியிருந்தது. அந்த எச்சரிக்கை இடையிடையே நிரலை நிறுத்தியதுதான் முறைப்பாடு. மூன்று மணித்தியாலம் இருந்து அதனைக் கண்டுபிடித்து, மறுத்து, அரைப் பக்கமும் எழுதினார். அன்றைய எண்ணிக்கை நிறைவேறவில்லை. ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் அவரது பெயருக்கு எதிரே, புதிய கருவிகளில் நம்பிக்கை குறைவு என்று எழுதப்பட்டிருந்தது.